கெர்பிக்குப் போன ஆசிரியர்கள்

மலாக்காவில் லிவர்பூலைத் தெரியாத ஆள் கிடையாது. செங்கில் மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரில் தொடங்கி, சனிக்கிழமை ராத்திரி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் உட்காருகிற அண்ணன்மார் வரைக்கும் அந்த ஊரோடு உறவு கொண்டாடாதவர்கள் இல்லை. நான் அங்கே படிக்கப் போகிறேன் என்றதும் வந்த முதல் கேள்வி, "ஆன்ஃபீல்டுக்குப் போவியாம்மா?" என்பதுதான். பயிற்சி ஆசிரியர்களுக்கான மாணவர் பரிமாற்றம், ஒரு பருவம் மட்டும் என்று விளக்கினால் முகம் மாறிவிடும். "வாத்தியார் வேலை கத்துக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டேவிட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் மலாயா அரசாங்கமே ஒரு காலத்தில் அதைத்தான் செய்தது. பள்ளி ஆசிரியர்களைப் பழக்குவதற்காகத் தன் பிள்ளைகளை நூற்றைம்பது நூற்றைம்பது பேராக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அவர்கள் போய் இறங்கிய இடமும் லிவர்பூல் ஓரத்தில்தான். நான் புறப்பட்டபோது இது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

செங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாக்கா நகரிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். இன்று தொழிற்பேட்டையும் தாமான்களும் நிறைந்த ஊர். வெளியூர்த் தமிழர்களுக்கு செங் என்றால் சன்னாசிமலை ஆண்டவர் கோயில். மாசி மகத்துக்கு நகரத்திலுள்ள பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இங்கே வந்து சேரும். எங்கள் தாத்தா தலைமுறை புக்கிட் லிந்தாங் பக்கத்துப் பால்மரக்காட்டு ஆட்கள். தான் சே யான் 1896இல் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டது அந்த புக்கிட் லிந்தாங்கில்தான். அதற்கடுத்து புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெரிதாகப் போட்டார். பிற்பாடு அது ஆங்கிலக் கம்பெனிக்குக் கைமாறியது. லயமும் பெரட்டுக்களமும் ஆயாக்கொட்டகையும் எனக்குக் கேட்ட கதைகள்தான். நான் பிறந்தது தாமானில். ஆனாலும் நான் படித்தது தமிழ்ப்பள்ளியில், தஞ்சோங் மாலிமில் படிக்கப் போனதும் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக வரத்தான்.

2019 ஜனவரி. லைம் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கும்போது மணி நான்குதான், ஆனால் தெருவிளக்கு எரிகிறது. நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருதரம்கூடப் பகல் கூடியது குறைந்தது என்று யாரும் கவனிக்க மாட்டோம். அங்கே நாள் சுருங்கி விரிவதை வைத்தே ஆட்களின் குணம் மாறுகிறது. மெர்சி ஆற்றங்கரையில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. கரையில் 1911இல் எழுந்த லிவர் கட்டடமும் அதன் உச்சியில் இரண்டு செப்புப் பறவைகளும். ஊரே துறைமுகப் பணத்தில் எழும்பியது, அந்தப் பணத்தில் அடிமை வியாபாரமும் அடக்கம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. துறைமுகத்திலேயே 2007இல் அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உள்ளே போய்வந்தபின் இரண்டு மணி நேரம் எனக்குப் பேச வாய் வரவில்லை.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது ஜெர்மின் தெரு. டாக்ஸ்டெத் பகுதியில் பழைய வரிசை வீடுகள் நிற்கும் தெரு. அதில் 7ஆம் எண் வீடு ஒரு காலத்தில் மலாய் மாலுமிகளின் சங்கம். லிவர்பூலைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் புளூ ஃபன்னல் கப்பல்கள் சிங்கப்பூர், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று சுற்றிவந்தன. அதில் வேலை செய்த மலாய் ஆட்கள் பலர் இந்த ஊரிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். டிம் பன்னல் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். சங்கம் மூடிப் பல காலமாகிவிட்டது. நான் பார்க்கும்போது அது மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு, அவ்வளவுதான். ஆனால் ரப்பர் கப்பலேறிப் போன பாதையில் ஆட்களும் போயிருக்கிறார்கள் என்பது அந்தத் தெருவில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பாட்டி விடியலில் சீவிய பாலும் ஷீட்டாகிப் பேலாகி இங்கே எங்கேயோ வந்து இறங்கியிருக்கலாம்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விரிவுரை குறைவு, வாசிக்கச் சொல்வது அதிகம், வாசிக்காமல் வந்தால் யாரும் திட்டுவதில்லை. பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் நாமே கூசிப்போவோம். முதல் வாரம் "கற்பித்தல் என்றால் என்ன?" என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவுக்கு வரவில்லை. தஞ்சோங் மாலிமில் நாங்கள் அதை ஐந்து புள்ளிகளில் எழுதிப் பரீட்சையும் எழுதிவிட்டிருந்தோம்.

சரக்கு இருந்தது பள்ளிக்கூடத்தில். நகரத்தின் வடக்கே ஒரு தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் போனேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். மேசைகள் வட்டமாகக் கிடக்கும். பாதி நேரம் பிள்ளைகள் கம்பளத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். பாடநூல் என்று ஒன்றைக் கையில் கொடுத்து "பக்கம் பன்னிரண்டு" என்று சொல்கிற வழக்கம் இல்லை. பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்றார்கள். பெயர் சொல்லிப் பார்த்துத் தோற்றபின் அதுவே நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டு முடிவில் ஒலிப்பு வாசிப்புச் சோதனை ஒன்று உண்டு. பிள்ளை நாற்பது சொற்களை வாசிக்க வேண்டும். அதில் இருபது நிஜச் சொற்கள், இருபது பொய்ச் சொற்கள். பொய்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரக ஜந்துவின் படம் இருக்கும். இது அந்த ஜந்துவின் பெயர், அதனால் பொருள் தேட வேண்டாம் என்று பிள்ளைக்கு ஜாடை. சோதனை ஜூனில்தான். ஆனால் ஜனவரியிலேயே பழக்கம் ஆரம்பித்துவிடுகிறது.

ஆசிரியை அட்டையைக் காட்டுவார். பச்சை நிறத்தில் மூன்று கண்ணுள்ள ஒரு ஜந்து. கீழே எழுத்துகள். பிள்ளைகள் ஒலியைத் தனித்தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் நன்றாக வாசிக்கிற ஒரு பையன் இருந்தான். வீட்டிலேயே கதைப் புத்தகம் வாசித்துவிட்டு வருகிறவன். 'ஸ்ட்ரோம்' என்று இருந்த அட்டையைப் பார்த்து அவன் டக்கென்று 'ஸ்டார்ம்' என்றான். அட்டையில் இருந்த எழுத்து அவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்த சொல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் எதையும் தடுமாறி வாசிக்கிற சிறுமி. அவள் ஒவ்வொரு ஒலியாக எண்ணி, சரியாகச் சொன்னாள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படி ஒரு வார்த்தையே இல்ல மிஸ்" என்று என்னிடம் முறையிட்டான்.

அந்த ஊர் ஆசிரியர்களிலேயே பலருக்கு இந்தச் சோதனை பிடிக்காது. அர்த்தத்தோடு வாசிக்கிற பிள்ளையை இது பின்னுக்குத் தள்ளுகிறது, அரசாங்கத்துக்குப் புள்ளிவிவரம் சேர்க்கத்தான் உதவும் என்று ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையோடு வாதாடுவார்கள். எனக்கு அவர்கள் பேச்சும் சரியாகத்தான் பட்டது. ஆனால் என் மனம் வேறெங்கோ ஓடியது. நம் படிநிலை ஒன்று வகுப்பில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளை வாசித்ததைக் கேட்டே மனப்பாடம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வரைக்கும் அது வெளியே தெரியாது. மனப்பாடத்தால் ஒரு பொய்ச் சொல்லை மட்டும் வாசிக்க முடியாது.

கெர்பிக்குப் போனது ஒரு சனிக்கிழமை. அனுப்பி வைத்தவர் செங்கில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எண்பதைத் தாண்டியவர், ஊரில் எல்லாருக்கும் 'சார்'தான். புறப்படுமுன் ஆசீர்வாதம் வாங்கப் போனபோது லிவர்பூல் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெர்பி இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வாம்மா. நாங்க இருந்த ஹாஸ்டல் சண்டைக்காலத்துல குண்டு ஃபேக்டரி ஆளுங்க தங்க கட்டினது. தாழ்வான கட்டடம். கறின்னு ஒண்ணு போடுவாங்க, மஞ்சத் தண்ணி. ஆனா ஒரு பிளாக்குல மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாம் ஒண்ணா கெடந்தோம். மலாயாவுல அப்படி ஒரு இடம் எங்களுக்குக் கிடைச்சதில்ல."

லிவர்பூல் சென்ட்ரலில் ஏறினால் மூர்ஃபீல்ட்ஸ், சாண்ட்ஹில்ஸ், கெர்க்டேல், ரைஸ் லேன், ஃபசக்கர்லி, அதற்கப்புறம் கெர்பி. அன்று அது பாதையின் முடிவு. வினோதமான முடிவு: ஒரே நீளமான நடைமேடை, நடுவில் தண்டவாளத்துக்குத் தடுப்பு. இந்தப் பக்கம் லிவர்பூலிலிருந்து வரும் மின்ரயில் நிற்கும். அந்தப் பக்கம் விகானிலிருந்து வரும் டீசல் ரயில் நிற்கும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு ரயில்களுக்கும் இடையில் ஆட்கள் நடந்துபோய் மாறிக்கொள்வார்கள். 2023 அக்டோபரில் ஹெட்போல்ட் லேன் என்ற புது நிலையம் திறந்து பாதையை நீட்டிவிட்டார்கள்.

சார் சொன்ன கெர்பி இல்லை. கல்லூரிக் கட்டடம் எதுவும் நிற்கவில்லை. மாணவர்கள் வந்த காலத்தில் கெர்பி ஏறத்தாழ மூவாயிரம் பேர் உள்ள கிராமம்; லிவர்பூல் நகரம் நெருக்கடி தாங்காமல் தன் மக்களை இங்கே கொண்டுவந்து குடிவைக்க, பத்தே ஆண்டுகளில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. வயல்வெளியில் படிக்க வந்தவர்களைச் சுற்றி ஒரு நகரமே எழும்பியிருக்கிறது. எனக்குக் காணக்கிடைத்த பழசு, 1871இல் கட்டி முடித்த செயிண்ட் சாட்ஸ் தேவாலயம் ஒன்றுதான். செங்கல்லை விடச் சிவந்த மணற்கல். கோபுரம் அகலமாக, கனமாக இருக்கிறது. வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் மலாயன் கல்லூரி எங்கே இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிட்டு, "அந்தப் பொண்ணுங்க குளிருக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு வருவாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவர் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. லிவர்பூல் பேச்சு மூக்காலும் தொண்டையாலும் பங்குபோட்டுக்கொள்கிற பேச்சு. பஸ் ஓட்டுநர் அறுபது வயதுக் கிழவியையும் என்னையும் ஒரே மாதிரி 'லவ்' என்று கூப்பிடுவார். முதல் வாரம் கலவரமாக இருந்தது.

மலாயன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, கெர்பி என்பது முழுப்பெயர். 1952 தொடக்கத்தில் படிப்பு ஆரம்பமாகி 1962இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுப் படிப்பு. கப்பலில் போன தொகுதிகள் சூயஸ் வழியாக மூன்று வாரத்துக்கு மேல் பயணம் செய்தன. லங்காஷயர் பள்ளிகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினார்கள். மலாயாவில் வெள்ளைக்காரர் முன்னால் ஒதுங்கி நிற்கப் பழகிய ஒரு சமுதாயத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையன், வெள்ளைக்காரப் பிள்ளையைப் பார்த்து "உட்கார், எழுது" என்று சொல்லியிருக்கிறான். பாடத்திட்டத்தில் எழுதாத அந்தப் பாடம்தான் கெர்பி கொடுத்த பெரிய பாடம் என்று நினைக்கிறேன். இதைப் போன்ற இன்னொரு கல்லூரி 1955 முதல் வுல்வர்ஹாம்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜில் நடந்தது.

1956 பிப்ரவரி 7. லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தை முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முதல்நாள். மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் கெர்பிக்கு வந்து, மலாயா 1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் அடையும் என்பதை அந்த மாணவ ஆசிரியர்களிடம் சொன்னார். சொந்த மண்ணில் ஒருவருக்கும் அவர் வாயால் சொல்வதற்கு முன்னால், குளிர்கால இங்கிலாந்தில் கோட்டு போட்ட பயிற்சி ஆசிரியர்கள் கேட்டுவிட்டார்கள். சார் அப்போது அங்கே இல்லை. அவர் தொகுதி பின்னால் வந்தது. ஆனால் மூத்தவர்கள் அந்த ராத்திரியைச் சொல்லிச் சொல்லியே அவருக்கும் பார்த்த மாதிரி ஆகிவிட்டதாம்.

பிறகு துங்கு ஊர் திரும்பினார். பிப்ரவரி 20ஆம் தேதி விமானம் இறங்கியது பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில். செங்குக்கு அடுத்த ஊர். அங்கிருந்து ஊர்வலமாகப் பண்டா ஹிலிர் திடலுக்குப் போய் மக்கள் முன் அறிவித்தார். அந்தத் திடலின் மேல் இன்று பெரிய பேரங்காடி நிற்கிறது. எதிரே பழைய மலாக்கா கிளப் கட்டடம் சுதந்திர நினைவகமாகியிருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எங்களை அங்கே கூட்டிப்போகாத வருஷமில்லை. கெர்பி என்ற பெயரை மட்டும் எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இல்லாமலில்லை. கெர்பியில் படித்துத் திரும்பியவர்கள் பெரும்பாலும் போனது ஆங்கிலப் பள்ளிகளுக்கு. நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள்தான் கெர்பிக்குப் போக முடிந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி இந்தக் கதைக்கு வெளியே நின்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. பாடம் சொல்ல, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ போதும். முறையான பயிற்சி வேண்டுமென்றால் சனி ஞாயிறுகளில் டவுனுக்குப் போய்ப் படிக்க வேண்டும். வாரம் முழுக்க ஆறு வகுப்பையும் ஒருவரே கட்டி மேய்த்துவிட்டு. 1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளே வேண்டாம், மலாயும் ஆங்கிலமும் சொல்லித்தரும் தேசியப் பள்ளி போதும் என்றது. அதே ஆண்டில்தான் கெர்பிக்கு முதல் தொகுதியும் புறப்பட்டது. ஒரு பக்கம் கப்பல் டிக்கெட், இன்னொரு பக்கம் மூடுவிழா யோசனை. தமிழ்ப்பள்ளிகள் மூடப்படாமல் நின்றதற்குக் கெர்பி காரணமல்ல. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் படித்த அந்த ஆசிரியர்கள்தான் காரணம். அவர்களுக்கு நினைவு மலர் யாரும் போட்டதாகத் தெரியவில்லை.

இதைச் சாரிடமே சொன்னேன், திரும்பி வந்தபின். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "நெசந்தாம்மா. எங்க அண்ணன் தோட்டத்துப் பள்ளி வாத்தியார். நான் கெர்பிக்குப் போறப்ப கோட்டு வாங்க அவர்தான் காசு கொடுத்தார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் கிளாஸ்ல நான் ஒரு நாள் கூட உக்காந்து பாத்ததில்ல" என்றார்.

ஊர் திரும்பியதும் என் நடைமுறைப் பயிற்சி மலாக்காவின் உட்புறத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில். மாநிலத்தின் இருபத்துச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் பல 'லாடாங்', அதாவது தோட்டம், என்ற பெயரோடுதான் இருக்கின்றன. சுற்றிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நூற்றைம்பது பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி. முப்பதுக்கும் இறங்கினால் கூட்டு வகுப்பு: இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில், ஓர் ஆசிரியர். எனக்குக் கிடைத்தது ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பு. உதவியாளர் இல்லை. கம்பளமும் இல்லை, கம்பளம் போட்டால் எறும்பு வரும் என்று தலைமையாசிரியை முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்.

லிவர்பூலிலிருந்து கொண்டுவந்த திட்டங்களில் பாதி முதல் வாரமே செத்துப்போயின. பிழைத்தது பொய்ச் சொல் அட்டை. 'கீமடு', 'தொலிபை', 'ஞாணுசு' என்று எழுதினேன். ஜந்து படம் வரைய எனக்கு வராது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் விட்டேன். 'தொலிபை'க்கு ஆறு காலும் ஒரு குடையும் கிடைத்தது. நன்றாக ஒப்பிக்கிற இரண்டு பிள்ளைகள் முதல் அட்டையிலேயே வாயடைத்து நின்றார்கள். ஒருவருக்குக் குறில் நெடில் பிரியவில்லை. இன்னொருவருக்குக் கொம்பும் சுழியும் வெறும் அலங்காரமாகத்தான் தெரிந்திருக்கிறது. எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டதால் அடைப்பது சுலபமாயிற்று. வழிநடத்துநர் வந்து பார்த்த அன்று, "இல்லாத சொல்லைப் பிள்ளைக்கு ஏன் சொல்லித்தரணும்?" என்று கேட்டார். அதுவும் ஒரு வாதம்தான். லிவர்பூல் ஆசிரியர் அறையில் கேட்ட அதே வாதம்.

லிவர்பூலில் பார்த்த அந்த முதலாம் ஆண்டு ஆசிரியையோடு எனக்கு இன்னும் மின்னஞ்சல் தொடர்பு உண்டு. பிறப்பு குறைந்து அங்கேயும் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை இறங்குகிறது. அவர் பள்ளியில் அடுத்த ஆண்டு ஒன்றையும் இரண்டையும் சேர்க்கப் போகிறார்களாம். "நீ எப்படிச் சமாளிக்கிறாய்? இரண்டாம் ஆண்டுக்கு நீ பாடம் நடத்தும்போது ஒன்றாம் ஆண்டு என்ன செய்யும்?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஒரு வாரத்து அட்டவணையை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன். முதல் இருபது நிமிடம் எல்லாருக்கும் ஒரே கதை. அதன்பின் சின்னவர்களுக்கு எழுத்து அட்டை, பெரியவர்களுக்குக் கரும்பலகை. நடுவில் ஒரு பெரியவர் எழுந்துபோய்ச் சின்னவர்களிடம் அட்டை கேட்பது. சண்டை வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது. உதவியாளர் எந்த நேரத்தில் எங்கே நிற்பார் என்பதைக் குறிக்க மறந்துவிட்டாயே, அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்பு என்று கேட்டிருந்தார்.